படுத்த சங்கம் எழும்பும் வழி

இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டவைச் சுற்றியுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் சங்கம் என்றால் தொழிற்சங்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். சத்தமில்லாமல் இயங்கும் இன்னொன்றும் உண்டு: மரண உதவிச் சங்கம். சந்தா கட்டிய வீட்டில் சாவு விழுந்தால் பந்தல் தகரம், கதிரை, தேத்தண்ணிக் கேத்தல், கைச்செலவுக்குக் காசு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் மரணாதார சமித்தி என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இப்படிப்பட்ட சங்கம் ஒரே நாளில் படுத்துவிடுவதில்லை. எழுதத் தெரிந்த செயலாளர் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார். கணக்குக் கொப்பி அவர் வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிறது. இரண்டு மாதம் கூட்டம் இல்லை. மூன்றாம் மாதம் சந்தாவுக்கு வருபவரிடம், "போன கணக்கு என்னாச்சு?" என்று கேட்கிறார்கள். பதில் இல்லை, சந்தாவும் நின்றுபோகிறது. கையில் காசில்லாததால் சங்கம் படுத்தது என்று பிற்பாடு சொல்லப்படும். ஆனால் காசுக்கு முன்பே நின்றுபோனது கணக்கு வாசிப்பு.

படுத்த சங்கத்தை எழுப்பியதற்கு இலங்கை அறிந்த பெரிய உதாரணம் அதே சப்ரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்து வல்கமவில் இருக்கிறது. அங்கே எழும்பியது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம். ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களை ஒட்டி, இவ்வகைச் சங்கம் 1906-இல் கண்டிப் பகுதியில் தோன்றியது; 1911-இல் அதற்குச் சட்டமும் வந்தது. ஒருவரை ஒருவர் அறிந்த அயலவர்கள் சேமித்து, தமக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வது அதன் அடிப்படை. 1964 அளவில் நாடெங்கும் 4,000-க்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தன. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் 1961-இல் வந்த மக்கள் வங்கியும் அரசின் கவனத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ள, 1978-இல் ஏறத்தாழ 1,300 சங்கங்களே எஞ்சின.

அந்தக் காலகட்டத்தில்தான் பி.ஏ. கிரிவந்தெனிய தம் ஊரான வல்கமவின் சங்கத்தைக் கையில் எடுத்தார். வெளியிலிருந்து பெரிய தொகை கேட்டு அவர் தொடங்கவில்லை. உறுப்பினரின் சொந்தச் சேமிப்பு முதலில், கடன் அதற்குப் பிறகு. கடனுக்கு ஈடு அயலாரின் பிணை. கிராமச் சங்கங்கள் மாவட்ட ஒன்றியமாகவும், ஒன்றியங்கள் தேசியச் சம்மேளனமாகவும் இணைந்தன. சிக்கனம், கடன், கூட்டுறவு ஆகியவற்றைக் குறிக்கும் சிங்களச் சொற்களின் முதலெழுத்துகளால் அமைந்த 'சணச' என்ற பெயர் நாடெங்கும் பரவியது. 1997-இல் சணச அபிவிருத்தி வங்கியும் உருவானது.

இந்தக் கதையில் ஒரு சறுக்கலும் உண்டு. 1980-களின் நடுப்பகுதியில் அரசின் பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டக் கடன்கள் இந்தச் சங்கங்கள் வழியாகப் போயின. சங்கங்களும் உறுப்பினரும் வேகமாகப் பெருகினர். ஆனால் அரசுக் காசு என்று எண்ணியவர்கள் திருப்பிக் கட்டுவதில் தளர்ந்தார்கள். தன் சேமிப்பும் அதே பெட்டியில் கிடக்கும்போதுதான் உறுப்பினர் கணக்கை விழிப்போடு பார்க்கிறார்.

வல்கம வழியை அப்படியே தூக்கித் தோட்டத்து லயத்தில் வைத்துவிட முடியாது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. குடியிருக்கும் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். பெரும்பாலோருக்கு ஈடு வைக்க ஒரு துண்டு நிலம் கிடையாது. ஆகவே இங்கே அயலார் பிணை ஒன்றே உண்மையான ஈடு.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் மழை. நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் இரத்தினபுரி மாவட்டமும் ஒன்று. இறப்பர் மரப்பட்டை நனைந்த காலையில் பால் வெட்ட முடியாது. ஒரு வாரம் விடாமல் பெய்தால் வெட்டுகிற எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் காசு சுருங்கும். கடைத்தெருவில் ஒருவருக்கு நட்டம் வந்தால் அடுத்தவர் தாங்குவார். லயத்தில் தாங்க வேண்டியவரும் அதே மழையில் நனைந்தவர். 2003, 2017 மே மாதங்களில் மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் சேர்த்து அடித்தபோது இது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. தனிச் சங்கம் தாங்காத அடியைத் தாங்கவே மேலே ஓர் ஒன்றியம் வேண்டும்.

சந்தாவைத் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலிலேயே பிடித்துவிடுவது வசதி. ஆனால் கூட்டத்துக்கு வரும் பழக்கத்தை அதுவே கெடுக்கும். காசு கையிலிருந்து கைக்குப் போனால்தான், எங்கே போனது என்று கேட்க வாய் வரும்.

மறுபடி தொடங்கும் முதல் கூட்டத்தைக் கோயில் முன்றிலிலோ பிள்ளைக்காம்பராவிலோ, பெண்களும் வர வசதியாக, வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில் வைப்பது நல்லது. பழைய கொப்பி கிடைத்தால் அதுவே முதல் வேலை. யார் எவ்வளவு கட்டினார், யார் வீட்டுச் சாவுக்கு எவ்வளவு போனது என்று சத்தமாக வாசித்து, கணக்குச் சேராத இடத்தை மறைக்காமல் குறித்து, எல்லாரும் பார்க்கக் கோடு போட வேண்டும். புதிய கணக்கு அடுத்த பக்கத்தில் தொடங்கும். பேருக்கு எதிரே தொகை. தொகைக்கு எதிரே கையெழுத்து, எழுதத் தெரியாதவருக்குப் பெருவிரல் மை.