கிரிக்கெட் வர்ணனைக்கு ஏ.எம்.மா, எஃப்.எம்.மா?

பெங்களூர் ஆகாசவாணிக்கு மீடியம் வேவில், அதாவது ஏ.எம்.மில், 612 கிலோஹெர்ட்ஸ், எஃப்.எம். ரெயின்போவுக்கு 101.3 மெகாஹெர்ட்ஸ். கிரிக்கெட் வர்ணனையை எஃப்.எம்.மில் மட்டும் போட்டால் போதாதா, கரகரக்கும் ஏ.எம். எதற்கு என்று தொம்மலூர் டீக்கடையில் கேட்டால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். நியூயார்க்கிலும் இந்தக் கேள்வி வந்தது. 1987-ல் முழுநேர விளையாட்டுப் பேச்சுக்கென்றே தொடங்கிய டபிள்யூ.எஃப்.ஏ.என். நிலையம் 2012 நவம்பரில் 101.9 எஃப்.எம்.முக்கு வந்தது. ஆனால் 660 ஏ.எம்.மை அப்போது மூடவில்லை. இரண்டிலும் ஒரே பேச்சு. ஏன் என்று பார்ப்போம்.

கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஏ.எம். சத்தத்தை மாற்றாமல் சுரத்தை மட்டும் சற்றே மேலும் கீழும் அசைத்தால் எஃப்.எம். பந்தியின் இரைச்சல் சத்தத்தோடு கலந்து குழப்பும். சுரத்தின் அசைவை அவ்வளவாகக் கெடுக்காது. மின்னலும் மிக்ஸியும் ஏ.எம்.மைக் கரகரக்க வைப்பதும், எஃப்.எம். தப்பித்துக்கொள்வதும் இதனால்தான்.

இனி, எல்லோரும் தடுக்கி விழும் இடம். "எஃப்.எம். ஊரைத் தாண்டாது, ஏ.எம். வெகுதூரம் போகும்" என்கிறோம். நடப்பது என்னவோ அப்படித்தான். ஆனால் காரணம் ஏ.எம்.மும் இல்லை, எஃப்.எம்.மும் இல்லை. 612-ல் ஓர் அலையின் நீளம் சுமார் 490 மீட்டர். தரையை ஒட்டி வளைந்து, மேடு பள்ளம் பார்க்காமல் போகும். 101.3-ல் அது வெறும் 3 மீட்டர். ஏறக்குறைய நேர்கோட்டில் போய், தொடுவானத்தோடு தேய்ந்துவிடும். தூரத்தைத் தீர்மானிப்பது அலையின் நீளம்தான்.

சாட்சி தொம்மலூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தின் கோபுரமும் விமானிகளும் பேசிக்கொள்வது 118 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது நம் எஃப்.எம். வரிசை முடிவதற்குச் சற்று அப்பால். பேசும் முறையோ ஏ.எம்.! அது ஏ.எம். என்பதற்காகத் தொடுவானம் தாண்டிப் போய்விடுவதில்லை. பிறகு ஏன் ஏ.எம்.? இரண்டு விமானிகள் ஒரே நேரத்தில் பேசினால் எஃப்.எம். கருவி வலுத்த குரலை வைத்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிடும். ஏ.எம்.மில் இரண்டும் மோதிக் கீச்சிடும். இன்னொருவரும் கூப்பிடுகிறார் என்பது கோபுரத்துக்குத் தெரிந்துவிடும்.

ஒலித்தரத்தில் எஃப்.எம். ஜெயிக்கிறது, சந்தேகமில்லை. மீடியம் வேவில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆகவே 4.5-க்கு மேலுள்ள ஒலிகளை வெட்டிவிடுகிறார்கள். எஃப்.எம். 15 வரை கொடுக்கும். ஆனால் பேச்சுக்கு அவ்வளவு தேவையில்லை. பழைய தொலைபேசி 3.4-லேயே குடும்பம் நடத்தியது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனைக்கு எஃப்.எம். வேண்டியிருக்கவில்லை. மட்டையில் பந்து படும் 'டொக்'கும் சின்னசாமி அரங்கின் ஆரவாரமும்தான் ஏ.எம்.மில் மொண்ணையாகிவிடும்.

என்னைக் கேட்டால், எஃப்.எம்.முக்குப் போக வேண்டிய காரணம் ஒலி அல்ல, கைபேசி. 3 மீட்டர் அலைக்கு முக்கால் மீட்டர் கம்பி போதும். இயர்போன் ஒயரே ஏரியலாகிவிடும். 490 மீட்டர் அலைக்கு டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் அந்தக் கறுப்பு ஃபெரைட் குச்சி வேண்டும். கைபேசியில் அதற்கு இடமில்லை. இடம் கிடைத்தாலும் கைபேசியின் சொந்த இரைச்சலே காதை அடைக்கும்.

தனியார் எஃப்.எம். பார்த்துக்கொள்ளட்டும் என்று விடவும் முடியாது. நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். 2001 ஜூலையில் பெங்களூரில்தான் தொடங்கியது. ஆனால் 2011 விதிகளின்படி அவர்கள் ஸ்கோர் சொல்லலாம். நேரடி வர்ணனை என்றால் உள்ளூர் ஆட்டங்களுக்கு மட்டும். டெஸ்ட் மேட்ச் ஆகாசவாணி பாடு.

எஃப்.எம்.மில் கட்டாயம் போடட்டும். ஆனால் 612-ஐ உடனே அணைத்தால், ஓசூர் தாண்டி மலை இறங்கும் லாரி டிரைவருக்கு ஓவர் பாதியில் அறுந்துபோகும். 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரின் கரண்ட் பில் கடுப்பானதுதான். வழியிலுள்ள சிற்றூர்களில் எஃப்.எம். மறுஒலிபரப்புக் கோபுரங்களை முதலில் நிறுவிவிட்டு, அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்த பிறகு பில்லைப் பற்றிப் பேசலாம்.