சிறிய டிராக்டருக்குப் பின்புறக் கருவிகளால் நேரும் சேதம்

மஞ்சள், கரும்பு, வாழை, தென்னை பயிராகும் பகுதிகளில் 15 முதல் 28 குதிரைசக்தி வரையுள்ள சிறிய டிராக்டர்கள் பெருகி வருகின்றன. பாருக்குப் பார் உள்ள இடைவெளியில் புகுந்து களை உழவும், தோப்பில் மரங்களுக்கு நடுவே திரும்பவும் இவை தோதாக இருக்கின்றன. ஆள் கிடைக்காத காரணத்தால் 5 ஏக்கர் உள்ளவர்கள்கூடக் கடன் பெற்று வாங்குகிறார்கள். வண்டி வந்ததும் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் காட்டில் இறக்குகிறார்கள். அந்த மாலை வாடி உதிர்வதற்குள் மட்கார்டு நெளிந்து, பின்விளக்கு உடைந்து, சில வேளைகளில் பி.டி.ஓ. கூடே விரிசல் கண்டு பட்டறைக்குப் போகும் வண்டிகளும் உண்டு. நிலம் இறுகிக் கிடந்ததால் இச்சேதம் வருவதில்லை. பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கும்போதும், திரும்பும்போதும், வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போதும்தான் வருகிறது.

கருவியும் வண்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாராமல் மாட்டுவதே முதற்காரணம். வண்டியோடு சேர்த்து அதற்கென்று அமைந்த சிறிய ரோட்டவேட்டரையும் வாங்கிவிட்டவர்களுக்குத் தொல்லை குறைவு. கையில் பணம் போதாமல், மச்சான் வீட்டிலோ பக்கத்துக் காட்டிலோ 45 குதிரைசக்தி டிராக்டருக்கு வாங்கிய கருவியை இரவல் கொண்டுவந்து மாட்டும்போதுதான் வில்லங்கம் ஆரம்பமாகிறது. பெரிய கருவியைக் கீழ்க் கைகளில் மாட்டும் முளையின் பருமன் 28 மில்லிமீட்டர். சிறிய வண்டியின் கைகளில் உள்ள துளையோ 22 மில்லிமீட்டர் முளைக்குத்தான் பொருந்தும். முளையைக் கடைந்து எப்படியோ மாட்டிவிட்டாலும், இரண்டு முளைகளுக்கும் இடையே அகலம் அதிகமாகையால் கைகள் விரிந்து டயரை ஒட்டி நிற்கும். ஒரு வரப்பு ஏறி இறங்கினால் போதும், டயரின் உட்பக்கத்தைச் சீவிவிடும். எடையும் அதிகம். கருவி மேலே எழும்போது முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பினால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாது. அப்போது கிணற்று மேடு பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஷாப்டின் நீளம்

எல்லாவற்றிலும் பெருஞ்செலவு வைப்பது பி.டி.ஓ. ஷாப்ட். எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டு செல்லும் இந்தத் தண்டு, ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைந்து நீளவும் குறுகவும் கூடியது. கருவி ஏறி இறங்கும்போது வண்டிக்கும் கருவிக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருப்பதால் இந்த ஏற்பாடு. பெரிய டிராக்டரில் கீழ்க் கைகள் நீளம். அதற்கு அமைந்த ஷாப்டும் நீளம். அதையே சிறிய வண்டியில் போட்டால், தூரம் குறைகிற நிலையில் உட்குழாய் போய் முட்டிக்கொள்ளும். அதற்குமேல் குறுக வழியில்லை. ஹைட்ராலிக்கோ விடாமல் தூக்கிக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் முழுவதும் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டின்மேல் விழுந்து ஆயில் சீல், பேரிங், முடிவில் வார்ப்பிரும்புக் கூடு என்று பதம் பார்த்துவிடும். ஓட்டுகிறவர் காதில் 'டக்' என்று ஒரு சத்தம் விழும், அவ்வளவுதான். மறுநாள் காலையில் வண்டிக்கடியில் எண்ணெய் தேங்கிக் கிடப்பதைப் பார்த்த பிறகே விஷயம் தெரியும்.

இரவல் ஷாப்டில் மட்டும் இந்த ஆபத்து என்று எண்ண வேண்டாம். கருவியோடு புதிதாக வரும் ஷாப்டும் பலவகை வண்டிகளுக்கும் எட்டும்படி நீளமாகவே வருவதுண்டு. மாட்டும் முன் அளந்து வெட்டிக்கொள்ள வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. அளப்பது கஷ்டமல்ல. ஷாப்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வண்டியிலும் மறு பாதியைக் கருவியிலும் மாட்டிக்கொள்ள வேண்டும். ஷாப்ட் மாட்டாத நிலையில் கருவியை மெதுவாக ஏற்றி இறக்கி, எந்த உயரத்தில் தூரம் மிகக் குறைகிறது என்று பார்த்து அங்கே நிறுத்த வேண்டும். பெரும்பாலும் வண்டியின் தண்டும் கருவியின் தண்டும் நேர்மட்டமாக வரும் இடமே அது. அந்த உயரத்தில் கருவியின் அடியில் கட்டை முட்டுக் கொடுத்து, எஞ்சினை அணைத்த பிறகே அருகில் போக வேண்டும். இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கமாகப் பிடித்துப் பார்த்தால் எவ்வளவு மிகுதி என்பது தெரிந்துவிடும். முழுக்கக் குறுகிய நிலையிலும் 1 அங்குலமாவது இடைவெளி மிஞ்ச வேண்டும். உட்குழாய், வெளிக்குழாய், மேலே உள்ள பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டி, பிசிறை அரம் போட்டு எடுத்து, கிரீஸ் தடவிச் சேர்க்க வேண்டும். அளவுக்கு மீறி வெட்டிவிடவும் கூடாது. கருவி முழுக்க இறங்கி ஷாப்ட் நீண்டிருக்கும் நிலையில், குழாய்கள் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது கழன்று சுழற்றி அடிக்கும்.

பெரும்பாலான ரோட்டவேட்டர்களுக்கு ஷாப்ட் நிமிடத்திற்கு 540 சுற்றுச் சுற்றுகிறது. விநாடிக்கு 9 சுற்று. வேட்டி முனையோ தோளில் கிடக்கும் துண்டோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. அந்தப் பிளாஸ்டிக் உறையை 'இடைஞ்சல்' என்று கழற்றி மூலையில் போடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில கருவிகளில் ஷாப்ட் முனையில் மெதுவான இரும்பில் செய்த ஒரு போல்ட் இருக்கும். கல்லோ வேரோ தடுத்தால் முதலில் அது அறுபட்டு மற்றதைக் காப்பாற்றும். அடிக்கடி அறுகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டு முறுக்கினால், அடுத்த கல்லில் கியர்தான் உடையும்.

தூக்கிப் பார்த்தல்

எந்தக் கருவியானாலும் முதல் தடவை மாட்டியதும், எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து, பி.டி.ஓ.வைப் போடாமல், லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கருவியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். எட்ட நின்று ஒருவர் கவனித்துச் சொன்னால் நல்லது. கருவியின் சட்டம் மட்கார்டையோ, விளக்கையோ, இருக்கையின் முதுகையோ, டயரையோ தொடும்போல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மேல் கையான டாப் லிங்க்கை நீட்டினால் சில வண்டிகளில் இடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால், லீவர் ஓடும் பட்டையில் உள்ள நிறுத்துத் திருகை அந்த அளவுக்கு முன்பே வைத்து முடுக்கிவிட வேண்டும். அதன் பிறகு யார் ஓட்டினாலும், அவசரத்தில் லீவரை இழுத்தாலும் கருவி அந்த உயரத்தைத் தாண்டாது. இத்திருகு எதற்கென்றே தெரியாமல் வண்டி ஓட்டுகிறவர்கள் அநேகம்.

கீழ்க் கைகளை இருபுறமும் பிடித்திருக்கும் செக் செயின்களையும் பார்க்க வேண்டும். அவை தொய்ந்திருந்தால் தூக்கிய கருவி ஊஞ்சல்போல ஆடி டயரில் இடிக்கும். கொக்கிக் கலப்பைக்குச் சற்றே ஆட்டம் கொடுக்கலாம். ரோட்டவேட்டருக்கு இறுக்கமாகவே இருக்க வேண்டும். பாரின் முனையில் திரும்பும் முன் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குவது பழக்கமாக வேண்டும். ஷாப்ட் மடங்கிய நிலையில் சுழன்றால் ஜாயிண்ட்டின் கிராஸ் நாளடைவில் உடையும்.

திரும்பும்போது ஓட்டுகிறவர் கண் முன்சக்கரத்தில் இருக்கிறது. வண்டி இடதுபுறம் ஒடியும்போது கருவியின் வால் வலதுபுறம் வீசி வெளியே போகும். தென்னை மரத்திலும், சொட்டுநீர்க் குழாயின் வால்வு முனையிலும், கல்காலிலும் அடிபடுவது அந்த வால்தான். கொழு மண்ணில் இருக்கும்போதே பின்னுக்கு எடுப்பதால் கைகள் வளைந்துபோவதும் அடிக்கடி காண்பது.

டிரெய்லர் மாட்டும்போது

டிரெய்லர் இழுக்கும் நாட்களில் கீழ்க் கைகளைக் கழற்றிவிடவோ, உயர்த்திக் கட்டிவிடவோ வேண்டும். தொங்கவிட்டால் ஒடித்துத் திரும்பும்போது டிரெய்லரின் ஏர்க்கால் அவற்றில் மோதி வளைத்துவிடும்.

உயிர்ச்சேதம் விளைவிக்கும் தவறு ஒன்றும் உண்டு. வேரோடு கட்டை பிடுங்கவும், சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கவும் சங்கிலியை டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டுகிறார்கள். மூன்று இடத்தில் கருவியைப் பிடிக்கும் இந்த அமைப்பை அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் 1920-களில் உருவாக்கினார். 1939-இல் போர்டு டிராக்டரில் வந்த பிறகு உலகெங்கும் பரவியது. அதற்கு முன் டிராக்டர்கள் கலப்பையை வெறுமனே பின்னால் இழுத்துச் சென்றன. கலப்பை வேரில் மாட்டினால் முன்பக்கம் கிளம்பி, வண்டியே ஓட்டுகிறவர்மேல் மல்லாந்து விழுந்தது. பெர்குசன் அமைப்பில் கலப்பை தடுக்கப்பட்டால் டாப் லிங்க் வண்டியை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரத்தைத் தரையில் அழுத்தும். அதே இடத்தில் சங்கிலி கட்டிப் பின்னோக்கி இழுத்தால் நேர் எதிரானது நடக்கும். அச்சுக்கு மேலே இழுவை விழுவதால் சின்ன வண்டி கண் மூடித் திறப்பதற்குள் மல்லாந்துவிடும். இழுப்பது எதுவானாலும் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும்.

இன்சூரன்ஸ்

வண்டி புதிதுதானே, வாரண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது. இடித்ததும் முட்டியதும் வாரண்டியில் சேராது. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கு மட்டுமே. சொந்த வண்டியின் சேதத்துக்கு முழு பாலிசி வேண்டும். அதிலும் மட்கார்டு, விளக்கு, டயர் ஆகியவை கூடுதல் பிரீமியம் கட்டினாலொழியச் சேராத பாலிசிகள் உண்டு. பின்புறக் கருவியால் முதலில் அடிபடுவது இவைதான் என்பதால், பாலிசி எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ரோட்டவேட்டரும் டிரெய்லரும் பாலிசியில் தனியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். சேதம் நேர்ந்தால் கருவியைக் கழற்றாமல், இருந்த நிலையிலேயே படம் எடுத்துவைத்து, பட்டறையில் கை வைக்கும் முன் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டியிருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும்.