கால்களைச் சீராக அழுத்துவது ஏன் எளிதல்ல?

பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த ஒருவருக்கு முதல் சில வாரங்களில் ஏற்படக்கூடிய பெரும் ஆபத்துகளில் ஒன்று அவரது கால்களிலிருந்து வருகின்றது. அசையாத காலின் ஆழமான சிரைகளில் இரத்தம் தேங்கி உறைகின்றது. அந்த உறைவு பெயர்ந்து சென்று நுரையீரலின் இரத்தக் குழாயை அடைத்தால் மரணம் நேரலாம். உறைவைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. ஆனால் அவை மூளையில் இரத்தக் கசிவை ஏற்படுத்தக்கூடும் என்பதால் மருத்துவர்கள் தயங்குகின்றனர். எனவே காலை வெளியிலிருந்து அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளும் வழி நீண்டகாலமாகத் தேடப்பட்டு வந்திருக்கின்றது.

இதில் முதலில் பரவலானவை இறுக்கமான மீள்காலுறைகள். இவை பலன் தருகின்றனவா என்று பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பக்கவாத நோயாளிகள் 2,518 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2009ஆம் ஆண்டில் வெளியானது. தொடை வரையிலான காலுறை அணிந்தவர்களில் 10 வீதத்தினருக்கு முழங்காலிலோ அதற்கு மேலோ இரத்த உறைவு ஏற்பட்டது, அணியாதவர்களில் 10.5 வீதத்தினருக்கு. அதாவது, குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதுமில்லை. மாறாக, தோல் கிழிதல், கொப்புளம், புண் போன்றவை காலுறை அணிந்தவர்களில் 5 வீதத்தினருக்கும் மற்றவர்களில் 1 வீதத்தினருக்கும் ஏற்பட்டன.

இதன் பின்னணியில் எளிமையான இயற்பியல் விதி ஒன்று உள்ளது. ஒரே இழுவிசை கொண்ட துணி, வளைவு கூர்மையான இடத்தில் அதிகமாகவும் தட்டையான இடத்தில் குறைவாகவும் அழுத்தும். மனிதக் கால் உருண்டையான குழாய் அல்ல. முன்பக்கத்தில் கணைக்கால் எலும்பின் விளிம்பு துருத்தி நிற்கின்றது; கணுக்கால் மொழிக்குப் பின்னால் பள்ளம் உள்ளது. எலும்பின் மேல் துணி வெட்டுவது போல அழுத்த, பள்ளத்தின் மேல் அது பாலம் போட்டது போல நிற்கும். அங்கு அழுத்தம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

காற்றுப்பை கொண்ட உறை இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்பது வடிவமைப்பாளர்களின் எதிர்பார்ப்பு. மூடிய பைக்குள் அடைக்கப்பட்ட காற்று எல்லாத் திசைகளிலும் சமமாக அழுத்தும். எனவே பை தோலைத் தொடும் இடமெங்கும், அது எலும்பானாலும் பள்ளமானாலும், ஒரே அழுத்தம் கிடைக்க வேண்டும். ஆனால் "தொடும் இடமெங்கும்" என்ற அந்தச் சொற்களில்தான் பிரச்சினையே அடங்கியிருக்கின்றது.

காற்று நிரம்பிய எந்தப் பையும் உருண்டையாகவே முயலும். உருண்டால் அது நடுப்பகுதியில் மட்டும் தோலைத் தொடும். விளிம்புகளில் விலகி நிற்கும். இரண்டு பைகளுக்கு நடுவே உள்ள தையல் பகுதியில் அழுத்தம் விழாது; அங்கே தசை பிதுங்கும். இதைத் தவிர்க்க, வீட்டுக் கூரையின் ஓடுகளைப் போலப் பைகளை ஒன்றன் மேல் ஒன்று சற்றே ஏறுமாறு அடுக்கலாம். உறையின் வெளித்துணி நீளாததாகவும் உட்துணி மெல்லியதாகவும் நெகிழக்கூடியதாகவும் இருந்தால், காற்று வெளியே உப்பாமல் காலின் பக்கமாகவே தள்ளும். காற்றுக் குழாய் இணையும் இடத்தைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைக்கவே கூடாது. படுத்திருப்பவரின் காலின் எடை முழுவதும் அந்தக் கடினமான முனையின் மேல் விழுந்து, தோல் புண்ணாகும்.

சீரான அழுத்தம் என்றால் என்ன என்பதும் தெளிவுபடுத்தப்பட வேண்டிய ஒன்று. காலைச் சுற்றி அழுத்தம் சமமாக இருக்க வேண்டும். ஆனால் காலின் நீளவாக்கில் அப்படி இருக்க வேண்டியதில்லை. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டும். மேலே செல்லச் செல்ல அது குறையும். இதைப் போர் விமானிகளின் உடைகளை வடிவமைத்தவர்கள் முன்பே எதிர்கொண்டார்கள். விமானம் வேகமாகத் திரும்பும்போது இரத்தம் கால்களுக்கு இறங்கி விமானி மயங்கிவிடுவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டொரொன்டோவில் வில்பர் ஃபிராங்க்ஸ் நீர் நிரப்பிய உடையை உருவாக்கினார். நீரின் அழுத்தமும் இரத்தத்தைப் போலவே கீழே செல்லச் செல்லக் கூடுவதால் அது இயல்பாகப் பொருந்தியது. ஆனால் கனமாக இருந்தது. சிட்னியில் ஃபிராங்க் காட்டன் காற்றைப் பயன்படுத்தினார். காற்று எடையற்றது போலிருந்தாலும், அந்த ஏற்றத்தாழ்வைத் தானாகத் தராது. அதனைத் தனித்தனி அறைகள் மூலம் செயற்கையாக உண்டாக்க வேண்டும். இன்றைய மருத்துவமனை உறைகள் பலவும் கணுக்காலில் கூடுதலாகவும் தொடையில் குறைவாகவும், கீழிருந்து மேலாக வரிசையாக நிரம்புவது இதனாலேயே.

இத்தகைய உறைகளை பிரிட்டனில் 2,876 பக்கவாத நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2013இல் வெளியானது. உறை அணிந்தவர்களில் 8.5 வீதத்தினருக்கும் அணியாதவர்களில் 12.1 வீதத்தினருக்கும் இரத்த உறைவு ஏற்பட்டது. காலுறைக்குக் கிட்டாத பலன் இங்கு கிட்டியிருக்கின்றது. அழுத்தத்தின் சீர்மை மட்டுமே இதற்குக் காரணம் எனக் கூறிவிட முடியாது. உறை விட்டு விட்டு இயங்கி இரத்தத்தை நகர்த்துவதும் முக்கியம். தோல் பாதிப்பும் முற்றாக நீங்கவில்லை: 3 வீதத்துக்கு எதிராக 1 வீதம்.

எங்கும் இதே பலன் கிடைக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஏற்கனவே உறைவுத் தடுப்பு மருந்து பெற்றுவந்த 2,003 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், உறையைக் கூடுதலாகச் சேர்த்ததால் பயன் தென்படவில்லை.

இப்போது இவ்வகைக் கருவிகள் வீட்டு உபயோகத்துக்கும் விற்கப்படுகின்றன. அவற்றின் திரையில் தெரியும் எண் பொதுவாகக் காற்றுப்பையின் அழுத்தமே தவிர, தோலின் மேல் விழும் அழுத்தம் அல்ல. நீரிழிவு அதிகமுள்ள தெற்காசிய சமூகத்தினர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியிருக்கின்றது. நீரிழிவினால் கால் தமனிகள் சுருங்கியிருந்தால், வெளி அழுத்தம் ஏற்கனவே குறைந்துள்ள இரத்த ஓட்டத்தை மேலும் தடுக்கக்கூடும். நரம்புகள் மரத்துப் போயிருந்தால் உறை இறுக்குவதை அவரால் உணரவும் முடியாது. கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய பரிசோதனையின் மூலம் தமனி அடைப்பைப் பெரும்பாலும் கண்டறியலாம். ஆனால் நீரிழிவு உள்ளவர்களில் தமனிகள் இறுகிப்போய் இந்த அளவீடு தவறாகக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு என்பதால், அவர்கள் விடயத்தில் கால் விரலின் அழுத்தத்தையும் மருத்துவர்கள் அளக்கின்றனர்.