ஓர்க்கிட் வித்துக்களும் மண்ணில் மறைந்துள்ள துணையும்

ஓர்க்கிட் மலர்களை எம்மில் பலர் பூக்கடைகளிலும் வீட்டு முற்றத்துச் சாடிகளிலும் மாத்திரமே கண்டிருக்கின்றோம். ஆனால் எமது நாட்டில் 180 இற்கும் மேற்பட்ட ஓர்க்கிட் இனங்கள் இயற்கையாகவே வளர்கின்றன. மரங்களில் பற்றி வளரும் வெசாக் ஓர்க்கிட், காட்டு நிலத்தில் வளரும் வனராஜா ஆகியன அவற்றுட் சில. காடழிப்பினாலும் அழகுக்காகப் பிடுங்கப்படுவதாலும் இவற்றுட் பல அருகி வருகின்றன. பெருந்தொகையாக வித்துக்களை உதிர்க்கும் தாவரம் அருகுவது எவ்வாறு என்ற கேள்வி எழுவது இயல்பே.

இக்கேள்வி சார்ள்ஸ் டார்வினையும் ஆட்கொண்டிருந்தது. ஒரேயொரு செடி 186,000 இற்கும் அதிகமான வித்துக்களைத் தருவதாக 1862 இல் வெளியான தமது நூலில் அவர் கணக்கிட்டார். அவை யாவும் முளைத்துப் பெருகுமாயின், அச்செடியின் கொள்ளுப்பேரர் தலைமுறையே உலகின் நிலப்பரப்பு முழுவதையும் ஏறக்குறைய மூடிவிடும் என்றும், அதனைத் தடுப்பது எதுவெனத் தெரியவில்லை என்றும் அவர் எழுதினார்.

விடையின் பெரும்பகுதி வித்தினுள்ளேயே இருக்கின்றது. நெல்லும் தேங்காயும் முளைக்கும் பயிருக்குத் தேவையான உணவைத் தம்முள் சேமித்து வைத்துள்ளன. தூசு போன்ற ஓர்க்கிட் வித்திலோ மெல்லிய உறையும் சில கலங்களாலான முளையமுமே உள்ளன. காற்றில் நெடுந்தூரம் செல்ல இது உதவினும், தனித்து முளைக்கும் வலிமையை அது இழந்துவிடுகின்றது. பொருத்தமான பங்கசு ஒன்றின் இழைகள் முளையத்தினுட் புகுந்து கலங்களில் சுருள்களாகத் தங்க, முளையம் அவற்றைச் சமிபாடடையச் செய்து உணவு பெறுகின்றது. பிரெஞ்சு ஆய்வாளர் நொயல் பேர்னார்ட், 1899 இல் பொன்தென்புளோ காட்டில் மண்ணுள் முளைத்திருந்த ஓர்க்கிட் நாற்றுக்களில் பங்கசு இருப்பதைக் கண்டு இவ்வுண்மையை வெளிப்படுத்தினார்.

துணை கிட்டும் வரை வித்து என்னாகும்? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள சிமித்சோனியன் சூழல் ஆய்வு நிலையத்தினர், நிலத்தில் வளரும் ஓர்க்கிட்களின் வித்துக்களை நுண்வலைப் பைகளிலிட்டு மண்ணிற் புதைத்து ஆராய்ந்தனர். சில இனங்களின் வித்துக்கள் ஏறத்தாழ 7 ஆண்டுகளின் பின்னரும் உயிருடன் இருந்தமை 2006 இல் வெளியான ஆய்வில் தெரிவிக்கப்பட்டது. எனவே காட்டு மண் ஒருவகை வித்துக் களஞ்சியமாகும். ஆனால் எல்லா இனங்களும் அவ்வாறு நிலைப்பதில்லை. மண் புரட்டப்பட்டு வெயிலில் உலர்ந்தால் வித்தும் பங்கசும் ஒருங்கே அழியக்கூடும்.

1922 இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், வெல்லம் சேர்த்த ஏகார் ஊடகத்தில் பங்கசு இன்றியே வித்துக்களை முளைக்கச் செய்யலாம் எனக் காட்டினார். இன்றைய நாற்றுமேடைகள் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. எனினும் ஆய்வுகூட நாற்றுக்களைக் காட்டில் நடுவதால் மாத்திரம் இனம் காக்கப்பட்டுவிடாது. அங்கு பங்கசு இல்லையேல், நட்ட செடி பூத்தாலும் அதன் வித்துக்கள் முளைக்கமாட்டா.

ஆகவே செடியைக் காப்பதென்பது அது வேரூன்றிய மண்ணையும் மரத்தையும் காப்பதேயாகும். ஓர்க்கிட்களின் சர்வதேச வர்த்தகம் சைட்டிஸ் உடன்படிக்கையினால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆனால் வீதியோரத்தில் விற்கப்படும் காட்டுச் செடியை வாங்காதிருப்பது எமது கைகளிலேயே உள்ளது. நாற்றுமேடையில் வளர்ந்த செடிகளை வாங்குவோம். காட்டில் உள்ளவற்றைக் காட்டிலேயே விட்டுவைப்போம்.