மண்ணைத் தாங்கும் சுவர் – 9: கூலூம் போட்ட கணக்கு

அஸ்திவாரத்தைப் போன வாரமே தோண்டி முடித்தோம். சரிவில் இருக்கும் தோட்டத்துக்குத் தாங்குசுவரைக் கருங்கல்லில் எழுப்புவதா, ஹாலோ பிளாக்கிலா, கல் நிரப்பிய கம்பிக்கூண்டிலா என்று இந்த வாரம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். பார்க்கலாம். அதற்கு முன் கூலூமைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

மின்னூட்டத்தின் அலகாகப் பள்ளியில் படித்தோமே, அதே கூலூம்தான். அடிப்படையில் அவர் ராணுவப் பொறியாளர். 1764-ல் கரீபியன் தீவான மார்ட்டினிக்குக்குக் கோட்டை கட்டப் போனவர், எட்டு ஆண்டுகள் அங்கே கல்லோடும் மண்ணோடும் காய்ச்சலோடும் மல்லுக்கட்டினார். ஊர் திரும்பி 1773-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அவர் வைத்த கட்டுரையில் மின்சாரமே கிடையாது. சுவரை மண் எவ்வளவு தள்ளும் என்பது அதில் ஒரு முக்கியமான கேள்வி. பின்னாலிருக்கும் மண் மொத்தமும் தள்ளுவதில்லை, ஆப்பு வடிவில் ஒரு துண்டு பிரிந்து சரியப் பார்க்கிறது, சுவர் தாங்கவேண்டியது அதைத்தான் என்றார். மின்விசையை அளந்து அவர் பெயர் வாங்கியது 1785-ல். இன்றும் தாங்குசுவருக்கு வரைபடம் போடுபவர்கள் அந்த ஆப்பைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள்.

அந்தக் கணக்கை நம் சுவருக்குப் போட்டேன். இரண்டு மீட்டர் உயரம், பின்னால் உலர்ந்த மணற்பாங்கான மண் என்றால், ஒரு மீட்டர் நீளத்தின் மேல் விழும் தள்ளல் சுமார் 1.2 டன். அதே மண்ணில் தண்ணீர் விளிம்புவரை தேங்கிவிட்டால் சுமார் 2.6 டன்! மண் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பக்கவாட்டில் தள்ளும். தண்ணீர் முழு எடைக்கும் தள்ளும்.

குன்னூர்ப் பக்கம் ஐப்பசி மழை விட்ட மறுநாள் ஒரு சுவரைப் பார்த்தேன். நல்ல கருங்கல், கெட்டியான சிமென்ட் பூச்சு. நடுவில் வயிறு தள்ளியிருந்தது. நீர் வடிய வைத்த பி.வி.சி. குழாய்களில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பூச்சு வெடித்த இடத்தில் செந்நீர் கசிந்துகொண்டிருந்தது. கொத்தனார் ஒரு குழாயில் கம்பியை விட்டுக் குத்தினார். கட்டிக் களிமண் வந்தது. குழாய்க்குப் பின்னால் ஒரு கூடை ஜல்லிகூடப் போடவில்லை.

அதனால் என் தேர்வு இப்படி. இடுப்பளவு உயரம் போதுமென்றால், சாந்தில்லாமல் அடுக்கிய கருங்கல்லே முதலில், இடுக்கெல்லாம் வடிகால். ஐரோப்பாவின் எட்டு நாடுகள் முன்வைத்த இந்தக் கலையை 2018-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. சாந்து வைத்துக் கட்டினால், சுவரின் முதுகை ஒட்டி ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, மண் புகாமல் துணி விரித்த பிறகுதான் குழாய். ஹாலோ பிளாக்கைக் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பாமல் மண்ணுக்கு எதிரே நிறுத்தவே கூடாது. காம்பவுண்டு சுவர் வேறு, இது வேறு.

கம்பிக்கூண்டுக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஆற்றங்கரையைக் காக்க வந்த அந்தக் கூண்டு தோட்டத்துக்குள் என்ன செய்யும், துத்தநாகப் பூச்சு இல்லாத வலையை ஏன் வாங்கக்கூடாது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.