கொழும்பில் அறை எடுக்கும்போது

2007 ஜூன் 7ஆம் திகதி விடிவதற்கு முன்னர், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் கதவுகளைப் பொலிஸார் தட்டினார்கள். வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயண அலுவலுக்கும் வந்து தங்கியிருந்த தமிழர்கள் உட்பட 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியா போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் கொடுத்த மனுவில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அதே வெள்ளவத்தையில் கலியாணத்துக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற குடும்பங்கள் இப்போது சொகுசு ஹோட்டல்களில் அறை எடுக்கின்றன. ஹோட்டலுக்குள் போவது எங்கள் உரிமை என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை அதை ஹோட்டல் என்ற பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் எதைக் காட்டியும் கடை, உணவகம், ஹோட்டலுக்குள் போவதை மறுக்கவோ நிபந்தனை போடவோ கூடாது. அடையாள அட்டையில் முகவரியைப் பார்த்த பிறகு "அறை இல்லை" என்றால், நேரத்தையும் பேசியவரின் பெயரையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தில் ஏமாறுவதுதான் அதிகம். ஒரு நாளைக்கு 20,000 ரூபா என்று சொன்ன அறைக்கு 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் சேர்ந்தால் 25,000 தாண்டும். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று அட்வான்ஸ் போடும் முன்னரே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். வற் பதிவு இல்லாத இடம் வற் அறவிட முடியாது. பில்லில் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு முற்பணம் கேட்டால் போடாதீர்கள். அறையை ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே செய்தியில் இருக்கட்டும்.

படத்தில் காட்டிய அறை ஒன்று, கொடுத்தது வேறொன்று என்றால், அது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கும் தவறாக வழிநடத்தும் செயல். சாமான்களை இறக்க முன்னர் அறையைப் படம் எடுங்கள். அந்த அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம், ஆனால் எழுத்து மூல முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். ஹோட்டல் பதிவு, தரம் பற்றியதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் 1912.

12(3) தரும் உரிமையில் ஒரு குறை இருக்கிறது. அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே. தனியார் ஹோட்டல் முதலாளியை அந்த வழியில் இழுக்க முடியாது. நாடாளுமன்றம் அடைக்க வேண்டிய ஓட்டை இது. பொலிஸார் அறையை விட்டு வெளியேற்றினால் கதை வேறு: ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். வழக்கறிஞருக்குக் காசில்லாதவர் அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.