சுவரில் ஏறும் ஈரம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பர். ஆனால் ஐப்பசி அடைமழையில் நம் சுவர்களின் அடிப்பகுதி ஓதம் காத்துக் கறுத்துவிடுகிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்து மறைக்கிறோம். அடுத்த மழையில் கறை மீண்டும் தலைகாட்டுகிறது. சுவரோரம் தேங்கும் நீரே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும்.

விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதை அறிவோம். செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்துளைகளும் அவ்வாறே நிலத்து நீரை இழுக்கின்றன. இயற்பியலில் இது நுண்புழை ஏற்றம் எனப்படும். ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாத பழைய வீடுகளில் இது மிகுதி. ஏறிய நீர் காயும்போது உப்பு பூத்துப் பூச்சு பொரிந்து உதிரும். ஈரம் நிலைத்த இடத்தில் காற்றில் வரும் பூஞ்சை வித்துகள் இரண்டொரு நாளிலேயே முளைக்கத் தொடங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இவை பகை. மழைக்காலத்தில் என் பாட்டிக்கு மூச்சிரைப்பு மிகுவதைக் கண்டே இதனை நான் படித்தறிய முற்பட்டேன்.

முற்றம் வைத்த வீடுகளில் கூரைநீர் முற்றத்தில் விழுந்து, தூம்பு வழியே வெளியேறும். இன்றைய வீட்டுக்கும் அதுவே வழி. சுவரிலிருந்து 10 அடிக்குள் தரை 6 அங்குலமாவது வெளிப்புறம் சரிய வேண்டும். மாடிக் குழாயின் நீரைச் சுவரடியில் விடாது வாய்க்காலில் சேர்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழியையும் கடைக்காலை விட்டுத் தள்ளியே அமைத்தல் நன்று.

நண்பர்களே, இம்மழையில் வீட்டைச் சுற்றி வந்து, நீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதை வடியவிட்டபின் சுவர் காயச் சில மாதங்கள் ஆகும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். வெள்ளையடிப்பது அதன் பின்னரே பயன் தரும்.